சாமக்கொடையில் ஒரு கொலை: திரைக்கதை எழுதப் போகிறவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவிலேயே மூன்று குறும்படமும் எடுத்தாயிற்று. அதனால் மாதத்துக்கு ஒரு தம்பியாவது கையில் கதையோடு வந்துவிடுகிறான். கொலை, கொஞ்சம் மாந்திரீகம், கடைசியில் 'எல்லாம் விதி'. மண்டையோடு கட்டாயம் இருக்கும். என் முதல் படத்திலும் இருந்தது. சாவுக் காட்சியில் ஜனம் சிரித்தது.

யார் சாகப்போகிறார் என்பதை மறைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து நாட்டுப்புறக் கதையான முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்க உட்காருகிற கூட்டத்தில், பட்டன் செத்துப்போவான் என்று தெரியாதவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் மாட்டைக் களவாண்டு போகிறார்கள் என்று கேட்டு அவன் கிளம்புகிற இடத்தில், என் பக்கத்தில் இருந்த ஆச்சி "போகாதலே" என்று முனகினாள். இந்த மாதிரிக் கதையில் 'கொன்றது யார்' என்பது இரண்டாம் பட்சம். 'எங்கே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பான்' என்பதுதான் ஆளை உட்கார வைக்கும். அப்படி மூன்று நான்கு இடம் வையுங்கள். அவன் திரும்பாமல் போனதற்கு அவனுடைய ரோஷமோ கஞ்சத்தனமோ காரணமாக இருக்கட்டும். சனியின் மேல் பழியைப் போட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

ஜாதகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். சந்திராஷ்டமம், அதாவது ஒருவருடைய ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கிற ஆகாத நாள், மாதாமாதம் வரும், ஏறக்குறைய இரண்டேகால் நாள் இருக்கும், தினசரிக் காலண்டரிலேயே போட்டிருப்பான். உங்கள் ஆள் அந்த நாட்களில் பயந்து கடையைப் பூட்டிவிட்டுத் தோப்பு வீட்டில் தனியாகப் படுப்பான். கொலைகாரன் வீட்டுச் சுவரிலும் அதே காலண்டர்தானே தொங்குகிறது?

அப்புறம் மந்திரவாதி. எழுதுவதற்கு முன்னால் மை போட்டுப் பார்க்கிற இடத்தில் ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அத்தையின் இரண்டு பவுன் சங்கிலி காணாமல் போனபோது நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். ஓட்டு வீடு, திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி, அட்டையில் எழுதின டோக்கன், உள்ளே டிவியில் சீரியல். வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள வந்துபோற கைதான்" என்றார். அவ்வளவுதான். அத்தை உடனே, "நாத்தனாரா?" என்றாள். அவர் வெற்றிலையை மடித்து வைத்துவிட்டார். பத்து நாள் கழித்துச் சங்கிலி அரிசிப் பானைக்குள் கிடைத்தது. நாத்தனார் இன்றுவரை வாசல் மிதிக்கவில்லை.

உங்கள் மந்திரவாதி இப்படி இருக்கட்டும். கண்ணை உருட்ட வேண்டாம், சத்தம் போட வேண்டாம். யாருக்கு யார்மேல் வன்மம் என்பது அவ்வளவும் டோக்கன் வாங்கிக்கொண்டு அவர் திண்ணைக்கே வந்து சேர்கிறது. இன்ஸ்பெக்டரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

கொலைக்கு இடம் தேடி அலையவும் வேண்டாம். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் நடுச்சாமத்துக்கு மேல் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைச் சடங்குக்குப் போவார். எதிரே யாரும் வரக்கூடாது. வழியில் உள்ள வீடுகளில் கதவடைத்துவிடுவார்கள். கோயிலில் மேளம் நிற்காது, தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள், அலறினாலும் கேட்காது. எல்லோரும் விழித்திருந்தும் சாட்சி சொல்ல ஆள் இல்லாத நேரம் அது. இதைவிட்டு ஏன் எல்லோரும் பாழடைந்த பங்களாவுக்கே போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை.

போலீஸ் பகுதியில் சோம்பல்படாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள். கொலைக்குப் பழைய 302 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா 103. சந்தேக மரணத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194 வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் பேச்சில் '302' இருக்கலாம், ஏட்டையா எழுதுகிற காகிதத்தில் இருக்கக்கூடாது. கொலைகாரன் போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. அவன் சொல்லிக் கண்டெடுத்த அரிவாள் நிற்கும். சாமியாடி அருள் வந்து 'இவன்தான்' என்று கைகாட்டினால் வழக்குக்குப் பிரயோஜனமில்லை. ஆனால் கைகாட்டப்பட்டவன் பதறிப்போய் அன்று ராத்திரியே அரிவாளை இடம் மாற்றப் போவான். ஏட்டையா அங்கே நிற்கட்டும். அவர் இடுப்பிலும் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிடுங்கள். 'எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை' என்று வசனம் பேசுகிற போலீஸ்காரர் எனக்கு அலுத்துவிட்டார்.

படப்பிடிப்புக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் ஆசைப்பட்டால், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நிஜக் கொடைக்கு நடுவில் உங்கள் நடிகரை ஆடவிடவும் வேண்டாம். கொடை முடிந்தபிறகு, பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, வேறொரு வெட்டவெளியில் எடுங்கள்.

எடுத்ததை நிஜமான சாமியாடி ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் பெரியப்பா முப்பது வருஷம் வேட்டைக்குப் போனவர். என் மூன்றாவது படத்தை முழுசாகப் பார்த்தார். கொலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சுடுகாட்டுக்குப் போறவன் கால்ல செருப்பு கிடக்கே, பார்த்தியாலே?" என்றார்.