ரயில் மூன்று மணி நேரம் லேட்டா? எழும்பூரில் அந்த நேரத்தை இப்படிப் பயன்படுத்தலாம்

எழும்பூருக்குப் பகல் வண்டி பிடிக்க வந்திருக்கிறீர்கள். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று குறுஞ்செய்தி வருகிறது. நம்மில் பலர் அந்த மூன்று மணி நேரத்தையும் அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தே ஓட்டிவிடுகிறோம். சோம்பல் இல்லை, வண்டி திடீரென்று கிளம்பிவிடுமோ என்ற பயம்தான். முதல் வேலை அந்தப் பயத்தைத் தீர்ப்பது.

1. எந்த மாதிரித் தாமதம் என்று பாருங்கள்

வண்டி எழும்பூரிலிருந்தே புறப்படுகிறதா, வேறு ஊரிலிருந்து வந்து போகிறதா? இங்கிருந்து புறப்படுவதென்றால் பெரும்பாலும் இணை ரயில், அதாவது உங்கள் வண்டியாகத் திரும்பப் போகிற பெட்டிகளோடு எதிர்த்திசையிலிருந்து வரும் வண்டி, வந்து சேர்வதில் தாமதம் இருக்கும். பெட்டிகள் வந்து, சுத்தம் செய்து, தண்ணீர் ஏற்றிய பிறகுதான் கிளம்ப முடியும். புறப்படும் நேரத்தையே மாற்றி அறிவித்திருந்தால், பொதுவாக அதற்கு முன்னால் வண்டி நகராது.

வழியில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அப்படி நம்ப முடியாது. கால அட்டவணையில் ஆங்காங்கே கொஞ்சம் கூடுதல் நிமிடங்கள் வைத்திருப்பார்கள்; வண்டி அதில் ஈடுகட்டிவிடும். மூன்று மணி நேரத் தாமதம் இரண்டரை ஆகலாம், நாலும் ஆகலாம். அந்த வகை என்றால் நிலையத்திலேயே இருந்துவிடுங்கள்.

விசாரிக்க 139 என்ற எண் இருக்கிறது. ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலி இன்னும் வசதி: இணை ரயில் இப்போது எங்கே வருகிறது என்று பார்த்தாலே அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்று பிடிபட்டுவிடும்.

2. போகத்தான் வேண்டுமா?

தாமதம் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டால், பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். இணைய டிக்கெட் என்றால் வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் இணைய விண்ணப்பம்) பதிவு செய்யவேண்டும். வண்டி போனபிறகு போட்டால் பயனில்லை. டிக்கெட்டைச் சாதாரணமாக ரத்து செய்யாதீர்கள், அது வேறு கணக்கு.

3. கையைக் காலி செய்யுங்கள்

கிளாக் ரூமில் பெட்டியை வையுங்கள். பயணச் சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பூட்டில்லாத பையை எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அதனால் ஒரு சின்னப் பூட்டு எப்போதும் இருக்கட்டும். லேப்டாப், மருந்து, நகை எல்லாம் உங்களோடு. இறங்கும் ஊரில் கூட்டிப்போக வருகிறவருக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். அவருக்கும் கொஞ்சம் நேரம் மிச்சம்.

4. ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள்

மூன்று மணி நேரம் என்றால் உங்கள் கையில் இருப்பது இரண்டுதான். மற்றது பெட்டியைத் திரும்ப வாங்க, பிளாட்பாரம் தேட. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே ஓர் இடம். "அப்படியே மெரினாவையும் பார்த்துவிட்டு வந்துடலாம்" என்று உடன் வருபவர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

5. பாந்தியன் சாலைக்குப் போங்கள்

என் தேர்வு அரசு அருங்காட்சியகம். நிலையத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான். 1851-இல் தொடங்கியது. காலை 9.30 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. நாலரைக்கு மேல் போவது வீண்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்க்க ஆசை வரும். வேண்டாம். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜரை எல்லோருமே பார்ப்பார்கள். நீங்கள் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மொத்தம் மூன்று கைகள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று. சிவன் பக்கத்து ஆடை தொடையோடு நிற்க, அம்மை பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. வலது முழங்கையைப் பாருங்கள், எதன்மேலோ சாய்ந்தது போல மடங்கியிருக்கும். அங்கே இருந்திருக்கவேண்டிய காளை இல்லை. பிறகு முன்பக்கத்திலிருந்து மெதுவாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்து, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது என்று கவனியுங்கள். ஓர் உடம்பில் இரண்டு நடையை வடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

குழந்தைகள் கூட இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள். விலங்கியல் பகுதியில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. சிலை பாடமெல்லாம் அவர்களிடம் எடுபடாது.

வெள்ளிக்கிழமையாக இருந்தால் அதே வளாகத்தில் கன்னிமரா நூலகம். 1896-இல் திறந்தது, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அரசு விடுமுறை நாள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போங்கள்.

இரவு வண்டி என்றால்?

தெற்கே போகும் வண்டிகள் நிறைய இரவில்தான் கிளம்புகின்றன. அப்போது அருங்காட்சியகம், நூலகம் எதுவும் உதவாது. முதலில் சாப்பிடுங்கள், கடைகள் மூடுவதற்குள். போனை முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். அப்புறம் அலாரம் வைத்துக்கொண்டு, காத்திருப்பு அறையில் பையின் வாரைக் கையில் சுற்றியபடி கண்ணை மூடுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறேன், புதிய மொழி கற்கிறேன் என்றெல்லாம் இறங்காதீர்கள். அந்த நேரத்தில் தூக்கத்தைவிட உருப்படியான வேலை இல்லை.

6. திரும்பும்போது

அருங்காட்சியகத்தைவிட்டுக் கிளம்புமுன் செயலியில் நேரத்தை மறுபடி பாருங்கள். நிலையம் வந்ததும் முதலில் கிளாக் ரூம், அங்கே வரிசை இருக்கும். தாமதமான வண்டிக்குப் பிளாட்பாரம் மாறுவது சகஜம், ஆகவே காலையில் பார்த்த எண்ணை நம்பி நடக்காமல் பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறுங்கள். தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.