டெலஸ்கோப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்: நம்பர் 4 (டி) ரைஃபிள் வாங்குவோர் செய்யும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஸ்னைப்பர்கள் வைத்திருந்த, டெலஸ்கோப் பொருத்திய லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) ரைஃபிளுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல கிராக்கி. சாதாரண நம்பர் 4-ஐவிட விலையும் பல மடங்கு. அப்புறம் என்ன, சாதாரண ரைஃபிளில் துளை போட்டு டெலஸ்கோப்பை மாட்டி, அசல் என்று தலையில் கட்டுகிறார்கள்.

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது டெலஸ்கோப்பைத்தான். தவறு அங்கேயே தொடங்குகிறது. மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும் நம்பர் 32 டெலஸ்கோப் முதலில் பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிக்காக உருவானது. தனியாகவும் விலைக்குக் கிடைக்கும். அசல் டெலஸ்கோப் இருப்பதாலேயே ரைஃபிளும் அசலாகிவிடாது.

பார்க்க வேண்டிய இடம் ரிசீவரின், அதாவது குழலுக்குப் பின்னால் உள்ள இரும்பு உடலின், இடப்பக்கம். கையால் திருகும் இரண்டு திருகுகளைக் கழற்றினால் டெலஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட் தனியாக வந்துவிடும். அடியில் இரண்டு இரும்புத் திண்டுகள் தெரியும்: முன்னதில் மூன்று திருகுகள், பின்னதில் இரண்டு. தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, திருகின் ஓரத்தில் உளியால் குத்தி வைத்திருப்பார்கள். அந்தக் குத்தே இல்லாமல் திருகுகள் புத்தம்புதிதாக மின்னினாலோ, திண்டைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தாலோ விலை பேசவே வேண்டாம். பிராக்கெட்டைக் கழற்றிக் காட்ட விற்பவர் தயங்கினால், என்னைப் பொறுத்தவரை அதுவே பதில்.

அடுத்தது எண்கள். பிராக்கெட்டில் ரைஃபிளின் வரிசை எண் இருக்கும். பின்கட்டையில் கை பிடிக்கும் இடத்துக்கு மேலே டெலஸ்கோப்பின் எண்ணைக் குத்தியிருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் மகிழ்ச்சி. ஆனால் பொருந்தவில்லை என்றதும் போலி என்று ஒதுக்குவதும் தவறுதான். படையில் இருந்த காலத்திலேயே டெலஸ்கோப் பழுதாகி வேறு மாற்றியது உண்டு; பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைக் குத்திய கட்டைகளும் இருக்கின்றன. நான் சந்தேகப்படுவது, அடிபட்டுத் தேய்ந்த மரத்தில் எண்கள் மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் கூர்மையாக இருந்தால்தான்.

முத்திரைகளிலும் இதே கதை. ரிசீவரின் இடப்பக்கத்தில் 'டி', பின்கட்டை செருகும் இரும்பில் 'டி ஆர்', கட்டையின் அடியில் 'எஸ் 51'. கடைசி முத்திரை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துடையது. ஸ்னைப்பராக மாற்றிய ரைஃபிள்களில் பெரும்பகுதி, இருபதாயிரத்துக்கு மேல், அவர்கள் கைப்பட்டவை. அதற்காக 'எஸ் 51' இல்லாதவை எல்லாம் போலி என்று முடிவுகட்டக் கூடாது. தொடக்க கால ரைஃபிள்கள் என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே மாறியவை. கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை தனியாகச் செய்தது. பின்கட்டையை மாற்றியிருந்தால் முத்திரையும் அதோடு போயிருக்கும். மாறாக, 'டி' என்ற ஓர் எழுத்தைக் குத்த யாருக்கும் ஒரு நிமிடம் போதும்.

குறிபார்க்க உதவும் பின்பக்கக் குறிகாட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். கிட்டத்தில் சுடுவதற்கான பெரிய துளை உள்ள பகுதியை ஸ்னைப்பர் ரைஃபிளில் வெட்டி எடுத்திருப்பார்கள்.

கூடவே வரும் மரப்பெட்டிக்கும் தகரக் குழாய்க்கும் தனிக் காசு கொடுப்பவர்கள் உண்டு. அவற்றிலும் புதிதாகச் செய்தவை ஏராளம். ரைஃபிளைப் பற்றி அவை எதையும் நிரூபிக்காது.

சரி, அசலே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். முதலில் அழிவது அந்த டெலஸ்கோப் எண்ணும் 'எஸ் 51'-ம்தான். விலையும் அதோடு இறங்கிவிடும்.