பாஸ்போர்ட்டில் 'பிரிட்டிஷ்' என்று இருந்தால் போதுமா?

பிரிட்டனின் கடல்கடந்த பிரதேசங்களில் சொந்தபந்தம் உள்ளவர்கள் குடியுரிமை விஷயத்தில் முதலில் சறுக்குவது பாஸ்போர்ட் அட்டையில்தான். 'பிரிட்டிஷ்' என்று அச்சிட்டிருந்தால் நேரே லண்டனில் போய்க் குடியேறிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1948 சட்டப்படி பிரிட்டனில் பிறந்தவரும், அதன் காலனியான பெர்முடா தீவில் பிறந்தவரும் ஒரே வகைக் குடிமக்களாகத்தான் இருந்தார்கள். 1962 தொடங்கி வந்த குடிவரவுச் சட்டங்கள் அந்தச் சம உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தன, அப்புறம் 1981 சட்டம் 1983 ஜனவரி 1 முதல் குடியுரிமையையே முழு பிரிட்டிஷ், சார்புப் பிரதேசம், கடல்கடந்தது என்று மூன்றாகப் பிரித்தது. காலனிக்காரர்களுக்குக் கிடைத்த 'சார்புப் பிரதேசக் குடியுரிமை'யில் பிரிட்டனில் வாழும் உரிமை இருக்கவில்லை. ஃபாக்லாந்துப் போர் முடிந்ததும் அந்தத் தீவுக்காரர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டு முழுக் குடியுரிமை கொடுத்தார்கள். பல லட்சம் பேர் இருந்த ஹாங்காங்குக்கு அந்தத் தாராளம் வரவில்லை. அவர்களில் 50,000 குடும்பத் தலைவர்களுக்கு மட்டும் 1990 சட்டம் வழிவிட்டது, மற்றவர்கள் ஹாங்காங் சீனாவிடம் போன 1997க்குள் பதிந்துகொண்டால் பி.என்.ஓ. (பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்) என்ற அந்தஸ்து. அதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, இனிப் புதிதாக வாங்கவும் முடியாது. 2021இல் வந்த பி.என்.ஓ. விசாவையும் குடியுரிமை என்று குழப்பிக்கொள்கிறார்கள். அது வெறும் விசா, குடியுரிமைக்குத் தனியாகக் காத்திருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2002 மே 21 அன்று, சைப்ரஸ் ராணுவத் தளங்களோடு மட்டும் தொடர்புள்ளவர்களைத் தவிர, இந்தக் கடல்கடந்த பிரதேசக் குடிமக்கள் எல்லோரும் தானாகவே முழு பிரிட்டிஷ் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். கையில் இந்தப் பிரதேசங்களில் ஒன்றான மான்செராட் தீவின் பாஸ்போர்ட் மட்டுமே இருக்கிறது, அதனால் நான் பிரிட்டிஷ் குடிமகன் இல்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு விண்ணப்பித்துப் பிரதேசக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இது தானாக வராது, தனியாகப் பதிய வேண்டும்.

சரி, முழுக் குடியுரிமை கிடைத்தால் தீவில் எல்லா உரிமையும் வந்துவிடுமா? வராது. வாக்கு, வேலை, நிலம் எல்லாம் அந்தந்தத் தீவின் சட்டம் தரும் உள்ளூர் அந்தஸ்தைப் பொறுத்தது, பெர்முடாவில் அதற்குப் பெயரே 'பெர்முடியன் அந்தஸ்து'.

பழைய நிராகரிப்புக் கடிதத்தையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1983க்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியாக இந்த உரிமை போகாது, பெற்றோருக்குக் கல்யாணம் ஆகாவிட்டால் 2006 ஜூலைக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழியாகவும் போகாது என்பதுதான் பழைய விதி. இந்த அநியாயத்துக்கு 2022 சட்டம் ஒரு பதிவு வழி திறந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, புதியது உறுதியாகும் முன்னே இருக்கிற குடியுரிமையைத் துறப்பது. முன்பு பிரிட்டிஷ் காலனிகளாக இருந்த பினாங்கு, மலாக்காவோடு தொடர்புள்ள மலேசியர்கள் சிலர் 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்' அந்தஸ்தை நம்பி மலேசியக் குடியுரிமையை விட்டுவிட்டு, 2002 ஜூலை 4க்குப் பிறகு துறந்தவர்களுக்கு பிரிட்டிஷ் குடியுரிமைப் பதிவு கிடையாது என்ற விதியில் மாட்டிக்கொண்டு, இரண்டு நாடுகளிலும் குடியிருக்கும் உரிமை இல்லாமல் நின்றார்கள்.