பூம்பாறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல், ஒரு நாளைப் பூம்பாறை, மன்னவனூர் மலைக்கிராமங்கள் பக்கம் ஒதுக்குங்கள். பூம்பாறை சுமார் 18 கி.மீ.தான். ஆனால் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால், படிப்படியாக இறங்கும் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வயல்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சாலையோரம் நின்று படம் எடுப்பதில் தவறில்லை. வயலுக்குள் இறங்குவதாக இருந்தால் வேலை செய்பவர்களிடம் "உள்ளே வரலாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வரப்பிலேயே நடங்கள்; பாத்தியில் மிதித்தால் ஈரமண்ணில் நாற்று அப்படியே புதைந்துவிடும். வழுக்காத காலணி முக்கியம், செருப்பு சரிப்படாது.

அப்புறம் பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இங்கே விளைவதுதான். தண்டோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டுக் காயவைத்ததைக் கேட்டு வாங்குங்கள். தோல் பழுப்பேறி, லேசாகப் புகை மணக்கும், மாதக்கணக்கில் கெடாது. பளிச்சென்ற வெள்ளைப் பூண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வண்டியில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே கொடைக்கானலுக்குள் நுழைவதற்கான ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் எடுத்துவிடுங்கள். ஸ்வெட்டர், மே மாதமானாலும் சரி, பையில் இருக்கட்டும்.