டிரையத்லான்: கரையேறும் முன்பே நடந்துவிடும் தவறு

அண்மையில் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானில் தன்னார்வலராக, நீச்சல் முடியும் கரையில் நின்றிருந்தேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து. புதியவர்கள் பலர் தொடங்குவது இந்தத் தூரத்தில்தான். தள்ளாடிக் கரையேறிய ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மிதவை எங்கே இருந்ததென்றே தெரியவில்லை" என்றார். நீந்தும் வழியைக் காட்ட நீரில் விடப்பட்டிருக்கும் மிதவையைச் சொன்னார். என் முதல் போட்டியில் நானும் இதே வார்த்தைகளைச் சொன்னேன். நன்றாகத் தூங்குங்கள், புதுக் காலணி வேண்டாம் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை. புதியவர்கள் செய்யும் வேறு சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நீச்சல் குளத்தை மட்டுமே நம்புவது

25 மீட்டர் குளத்தில் நிற்காமல் 30 நீளம் நீந்தினேன். ஏரியிலும் அதே 750 மீட்டர்தானே என்று நம்பிவிட்டேன். அந்த 30 நீளத்தில் 29 முறை சுவரை உதைத்துப் பாய்ந்திருக்கிறேன் என்பது உறைக்கவில்லை. ஒவ்வொரு உதைப்பிலும் கை வீசாமலே சில மீட்டர் கிடைத்துவிடுகிறது. தோளுக்கும் ஒரு நொடி ஓய்வு. ஏரியில் சுவரும் இல்லை, அடியில் வழிகாட்டும் கறுப்புக் கோடும் இல்லை. முகத்தை உள்ளே விட்டால் பச்சைக் கலங்கல். நீட்டிய கையின் விரல்கள்கூடத் தெரியவில்லை.

சங்கு ஒலித்ததும் கூட்டத்தின் நடுவில் பாய்ந்தேன். யாரோ ஒருவரின் குதிகால் பட்டு நீச்சல் கண்ணாடி விலகி, இடது கண்ணில் தண்ணீர் புகுந்தது. பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டேன். அதுவே மூச்சுத் திணறலை வளர்த்தது. மூச்சு வாங்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே இருப்பதை முழுதாக வெளியேற்றாததுதான். முகம் நீரில் இருக்கும்போதே குமிழி விட்டு ஊதித் தீர்த்துவிட வேண்டும்.

பிறகு செய்ததுதான் இன்றும் ஆறவில்லை. நிமிர்ந்து பார்க்கச் சோம்பி, முன்னால் போனவரின் பாதங்களையே பின்தொடர்ந்தேன். அவரும் வழி தவறியிருந்தார்! பாதுகாப்புப் படகிலிருந்தவர் விசில் ஊதித் துடுப்பால் திசை காட்டியபோது, மிதவை எங்களுக்கு வெகு இடப்புறத்தில் ஆரஞ்சுப் புள்ளியாகக் கிடந்தது. குளத்தில் எடுத்த நேரத்தைவிட ஆறு நிமிடம் கூடுதலாயிற்று. சைக்கிளில் ஏறிய பிறகும் படபடப்பு அடங்கவில்லை. மாதக்கணக்கில் விடியலுக்கு முன் எழுந்து சேர்த்த உழைப்பு. ஏரியில் ஒரே ஒரு நாள் காலையில் பழகியிருந்தால் அதைக் காப்பாற்றியிருப்பேன்.

ஆகவே போட்டிக்கு முன் சில முறையாவது, அனுமதியுள்ள திறந்த நீரில், துணையோடு நீந்துங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை, கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி பார்த்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழும், வேகம் போகும். மிதவை சிறியது, அலையில் மறையும். அதற்குப் பின்னால் கரையிலுள்ள உயர்ந்த மரத்தையோ கோபுரத்தையோ கரையில் நிற்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். திணறினால் மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சலுக்கு மாறலாம். படகைப் பிடித்து இளைப்பாறவும் பெரும்பாலான போட்டிகளில் அனுமதி உண்டு. அதைப் பற்றியபடி முன்னேறத்தான் கூடாது. இதைப் பலர் அறியாமல் திணறிக்கொண்டே நீந்துவதைப் பார்க்கையில் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளை எடுப்பது

முதலில் வார், பிறகுதான் சைக்கிள். மீறினால் தண்டனை உண்டு.

கனமான கியரில் நிறுத்திவிட்டுப் போவது

போட்டிக்கு முன் சைக்கிளை நிறுத்தும்போதே இலகுவான கியரில் நிறுத்துங்கள்.

சைக்கிள் இருக்கும் இடத்தைத் தேடுவது

நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நடுவே, தலைசுற்றலோடு ஓடிவரும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். போட்டிக்கு முன்பே, நீரிலிருந்து வரும் வழியாக ஒருமுறை நடந்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணி வையுங்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடிப் பழகாதது

மூன்றையும் தனித்தனி நாட்களில் பழகியவருக்கு முதல் கிலோமீட்டரில் கால்கள் மரக்கட்டையாகிவிடும். வாரம் ஒருமுறை, சைக்கிள் பயிற்சி முடிந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் ஓடுங்கள். முதல் மூன்று நிமிடம் கால் உங்களுடையதாகவே இருக்காது. நான்காவது நிமிடத்தில் மெல்லத் திரும்பி வரும்.