பழைய காரைப் பட்டறைக்கு விடும் முன் கதவு அட்டையைக் கழற்றுங்கள்
எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கையில் சிக்கி, கம்பெனியிலிருந்து வந்தபடியே கொண்டுவரணும் என்று ஆசைப்படுகிறவர்கள், டிங்கரிங் ஆள் பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் ஒரிஜினல் நிறத்தைத் தேடிப் பிடித்துவிடுங்கள். வெளியே நாலு கோட்டிங் ஏறியிருக்கும், ஆனால் கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னாலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் யாரும் மெனக்கெட்டு அடிப்பதில்லை. தெற்குவாசல் பக்கம் ஒரு பட்டறையில் சிவப்பு எம்ஜிபியின் அட்டையைக் கழற்றினோம், உள்ளே பளிச்சென்று வெளிர் நீலம்!

இன்னும் உறுதி வேண்டுமா? இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு சேசிஸ் நம்பரை அனுப்பிப் பணம் கட்டினால், வண்டி தயாரான தேதி, நிறம், இன்ஜின் நம்பர் எல்லாம் போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள்.

அப்புறம் ஸ்பானர். இந்த வண்டிகளில் போல்ட் எல்லாம் இன்ச் கணக்கு. அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர், நம் ஆட்கள் 13-ஐப் போட்டு ஒரு அழுத்து அழுத்துவார்கள், அந்த 0.3 இடைவெளியில்தான் தலை மழுங்கும். நான் மூணு ஒரிஜினல் போல்ட்டை அப்படித்தான் பலி கொடுத்தேன். இன்ச் ஸ்பானர் செட் ஒன்று சொந்தமாக வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள்.

பேட்டரி மாட்டும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள், 1967 வரை வந்த எம்ஜிபியில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது இன்றைய கார்களுக்கு நேர்மாறாக பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் பாடியோடு சேரும்.