ஆபீஸுக்குள் லிங்க் சுருக்கி வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு தம்பி, தன் கம்பெனிக்காக எழுதிய லிங்க் சுருக்கியைக் காட்டினார். பிரவுசரில் கோ/ரேட் என்று அடித்தால் விலைப்பட்டியல், கோ/லீவு என்று அடித்தால் விடுப்புப் படிவம். ஒரு சின்னக் கம்ப்யூட்டர், லிங்க்குகளைச் சேமிக்க ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு, நூறு வரி நிரல். வேலை சுத்தம். ஆனால் கடைசி வரியில், பிரவுசரை வேறு முகவரிக்கு அனுப்பும் பதில் எண்ணாக 301 இருந்தது.

"இதை யார் போடச் சொன்னது?"

"எல்லாரும் அதைத்தானே அண்ணே போடுறாங்க."

ஆறு வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

பேக்கப் எடுங்கள், யூபிஎஸ் வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு தரம் கரண்ட் போனால் தானாகப் புரிந்துவிடும்.

301

சர்வர் 301 என்றால், 'இது நிரந்தரமாக அந்த முகவரிக்குப் போய்விட்டது' என்று அர்த்தம். பிரவுசர் அதை நம்பிக் குறித்துவைத்துக்கொள்ளும். காலக்கெடு எதுவும் நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த தரம் சர்வரிடம் கேட்காது. 302 என்றால் 'இப்போதைக்கு அங்கே போ'; ஒவ்வொரு தரமும் வந்து கேட்கும். 308-ம் 301 ஜாதிதான், எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்போது மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தேன். நண்டு, கணவாய்க் கொள்முதல் விலை ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கும். கோ/ரேட் அதற்குப் போகும். ஒரு நாள் கொள்முதல்காரர் ஒருவர், "பாம்பன் படகுத்துறையில நின்னாலும் திறக்குதுண்ணே" என்றார். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் தெரியும் பெயர், பாம்பனில் மொபைல் டேட்டாவில் எப்படித் திறக்கும்? அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். போன் என் சர்வரைத் தேடவே இல்லை. ஆபீஸ் வைஃபையில் என்றோ மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ஓய்வில் புது ஷீட் தயார் செய்து, கோ/ரேட்டை அதற்குத் திருப்பினேன். பழைய நினைவு எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. தடை முடிந்து முதல் படகுகள் கரை சேர்ந்த அன்று, இரண்டு பேர் பழைய சீசன் விலையைச் சொல்லி நண்டை எடுத்துவிட்டார்கள். புது விலையைவிட அது அதிகம். கரையில் வாய்விட்டுச் சொன்ன விலையைத் திரும்ப வாங்க முடியுமா? நஷ்டம் கம்பெனிக்குப் போனது, திட்டு எனக்கு வந்தது.

சர்வருக்கு வந்த கோரிக்கைகளைக் குறிக்கும் லாக்கைப் பார்த்தால் அந்த இரண்டு போனிலிருந்தும் ஒரு கோரிக்கைகூட இல்லை. கேட்க வந்தால்தானே பதில் சொல்ல? கடைசியில் பழைய ஷீட்டைக் காலி செய்து, உச்சியில் சிவப்பெழுத்தில் புது முகவரியைப் போட்டேன். நல்லவேளை, பழையதும் எங்கள் ஷீட். வேறு யாருடைய பக்கமாவது இருந்திருந்தால், ஒவ்வொரு போனாக வாங்கி, பிரவுசர் குறித்துவைத்ததை, அதாவது கேஷை, துடைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

302 போடுங்கள், கூடவே 'குறித்துவைக்காதே' என்று சொல்லும் 'கேஷ்-கண்ட்ரோல்: நோ-ஸ்டோர்' தலைப்பு வரியையும் அனுப்புங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் எழுதுகிறீர்கள் என்றால், ரீரைட் வரியில் 'பர்மனென்ட்' என்று எழுதினால் 301, 'ரீடைரக்ட்' என்றால் 302. 301 தேடுபொறிக்கு நல்லது என்பார்கள். உங்கள் ஆபீஸ் லிங்க்கைக் கூகுள் எட்டிப்பார்க்கவே போவதில்லை. வேகம் என்பார்கள், ஒரே கட்டடத்துக்குள் மிச்சமாவது சில மில்லி விநாடி. அதற்காக, எந்த லிங்க்கை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்து இழப்பீர்கள்.

பெயர்

வெறும் 'கோ' வேலை செய்ய, போன், கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் முகவரி தரும் டிஹெச்சிபி வழியாகவே, சின்னப் பெயரின் பின்னால் தானாகச் சேரும் தேடல் டொமைனையும் கொடுக்க வேண்டும். '.லோக்கல்' வேண்டாம், அது, சர்வர் இல்லாமல் கருவிகளே ஒன்றையொன்று பெயர் கேட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கியது, ஒரு போனில் திறக்கும், பக்கத்து போனில் திறக்காது. ஒற்றைச் சொல் பெயருக்கு ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான வெளிச் சான்றிதழ் தருவது 2015 நவம்பரோடு நின்றுவிட்டது. ஹெச்டிடிபிஎஸ் வேண்டுமென்றால் சொந்த டொமைனின் கீழ் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக வரும் குறியீடு

பெயர் வைக்காமல், எழுத்தும் எண்ணும் கலந்து நிரலே போடும் குறியீடு வேண்டாம். விசைப்படகு இன்ஜின் சத்தத்தில் போனில் ஒருதரம் சொல்லிப் பாருங்கள், அது பூஜ்யமா 'ஓ'வா என்று.

உரிமையாளர் இல்லாத லிங்க்

லிங்க் அட்டவணையில், யார் உருவாக்கியது என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். ஆள் வேலையை விட்டுப் போகும்போது அவர் பெயரிலிருப்பதை அன்றே மாற்றிவிடுங்கள்.

டோக்கன் உள்ள முகவரி

கடவுச்சொல் மாதிரி ரகசியச் சாவி ஒட்டியிருக்கும் முகவரி அது. சுருக்காதீர்கள்.

ஜன்னலோரம்

அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை அங்கே வைக்காதீர்கள். மண்டபத்து உப்புக்காற்றில் என்னுடையதன் யூஎஸ்பி வாய் இரண்டே வருஷத்தில் பச்சை பூத்துவிட்டது.